அந்த இரண்டு ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

வாசகர் கேள்விகள், பேராசிரியை பதில்கள்

சென்ற இதழில், முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்ட ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "கொரோனா ஊரடங்கில் கைக்குழந்தையோடு வீட்டுக்குள் இருந்த ஆய்வாளர்கள் இழந்த காலம் இன்னும் யாருடைய பேரேட்டிலும் ஏறவில்லை" என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பப் போதுமானவையாக இருப்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: நான் 2019 ஜனவரியில் விலங்கியல் துறையில் முழுநேர ஆய்வு மாணவியாகப் பதிவு செய்தேன். கூந்தன்குளத்தில் கூடு கட்டும் நீர்ப்பறவைகள் என் ஆய்வுப் பொருள். அந்த ஆண்டு நவம்பரில் மகன் பிறந்தான். ஊரடங்கு வந்தபோது அவனுக்கு நான்கு மாதம். 2020, 2021 ஆகிய இரண்டு பருவங்களையும் இழந்தேன். விடுப்பு கேட்டு எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. ஆறு ஆண்டு முடிந்துவிட்டது. "எல்லோருக்கும்தான் ஆறு மாதம் கூடுதலாகக் கொடுத்தார்களே, நீங்கள் மட்டும் ஏன் முடிக்கவில்லை?" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது? (ஆய்வு மாணவி, திருநெல்வேலி)

பதில்: கேட்டவரிடம் முதலில் பறவைகளின் நாட்காட்டியைக் காட்டுங்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்களைப் போல, மார்கழி, தை வாக்கில் கூந்தன்குளத்துக்கு வந்து, கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, ஆனி, ஆடிக்குள் குஞ்சுகளோடு கிளம்பிவிடுகின்றன. நாடு தழுவிய ஊரடங்கு 2020 மார்ச் 25 அன்று தொடங்கியது. கூடுகளை எண்ண வேண்டிய காலம் அது. மறு ஆண்டு இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு மே 10 அன்று வந்தது. அப்போதும் பருவம் முடியவில்லை. மார்ச்சில் அறுந்த கள ஆய்வை ஜூலையில் தொடர முடியாது, ஏனெனில் ஜூலையில் மரங்கள் காலியாகிக்கொண்டிருக்கும். ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டியை நம்பி வேலை செய்பவருக்கு ஆறு மாதம் என்பது ஆறு மாதம்தான். பருவத்தை நம்பி வேலை செய்பவருக்கோ ஒரு பருவம் தவறினால் ஓராண்டு போய்விடும். உங்களுக்கு இரண்டு தவறியிருக்கின்றன.

அந்த ஆறு மாத நீட்டிப்பும் எல்லோருக்கும் கிடைத்தது அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தொடங்கி, ஆய்வேட்டை ஒப்படைக்கும் கெடுவைப் படிப்படியாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசியாக 2022 ஜூன் 30 வரை கொண்டுவந்தது. அந்த நாளுக்குள் கெடு முடியவிருந்தவர்களுக்கு அது பெரிய உதவிதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2019-இல் பதிவு செய்து, ஆய்வின் நடுவில் நின்றிருந்த உங்களைப் போன்றவர்களுக்கு அதனால் ஒரு நாள்கூடக் கூடவில்லை. தவிரவும், நீட்டிப்பு காலத்துக்கு மட்டும்தான், உதவித்தொகைக் காலம் ஐந்து ஆண்டுகளாகவே இருக்கும் என்று அதே அறிவிப்புகள் சொல்லின. மகனுக்குப் பால் பவுடர் வாங்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை அந்த அறிவிப்பை எழுதியவர்கள் யோசித்துப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இனி உங்களுக்கு உள்ள வழியைச் சொல்கிறேன். மானியக் குழுவின் புதிய விதிமுறைகள் வந்த 2022 நவம்பருக்கு முன் பதிவு செய்தவர் என்பதால், அதன் 2016-ஆம் ஆண்டு விதிமுறைகள்தாம் உங்களுக்குப் பொருந்தும். அவற்றின்படி முனைவர் பட்டத்துக்கான உச்ச காலம் ஆறு ஆண்டுகள்; பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தளர்வு தரலாம். ஆய்வுக்காலம் முழுவதிலும் ஒருமுறை 240 நாட்கள் வரை மகப்பேறு விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ பெறலாம் என்பதும் அதே விதிமுறைகளில் இருக்கிறது. "மகப்பேறு விடுப்பு" என்ற சொல்லோடு நிற்காமல் "குழந்தைப் பராமரிப்பு விடுப்பு" என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். பிரசவ நேரத்தில் கேட்கவில்லை என்பதனால் மட்டும் அந்த 240 நாட்கள் உங்கள் கையைவிட்டுப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். உங்கள் பல்கலைக்கழகம் இதைத் தன் சொந்த விதிகளில் எப்படி எழுதிக்கொண்டிருக்கிறது என்பதை விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி நீங்களே படியுங்கள். பிரிவு எழுத்தர் வாய்மொழியாகச் சொல்வதை விதியாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய எத்தனையோ மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் உருக்கம் வேண்டாம். ஒரே பக்கத்தில் தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: பதிவு செய்த நாள், மகன் பிறந்த நாள், வனத்துறை அனுமதி கிடைத்த நாள், களத்துக்குக் கடைசியாகப் போன நாள், மீண்டும் போன நாள். பக்கத்தில் கூடு கட்டும் மாதங்களைக் குறித்து, ஒவ்வொரு இடைவெளியும் ஆய்வின் எந்தப் பகுதியை நிறுத்தியது என்று ஒரு வரி எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழின் நகலையும் களக்குறிப்பேட்டின் பக்க நகல்களையும் இணையுங்கள். நெறியாளரின் பரிந்துரை மேலே இருக்கட்டும். தளர்வை முன்கூட்டியே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனி ஒரு வாரமும் தள்ள வேண்டாம்.

கேள்வி: சுயநிதிக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்து வந்தேன். 2020, 2021 ஆண்டுகளில் என்னிடம் ஒரு கட்டுரையும் இல்லை. இரட்டைக் குழந்தைகள், அப்போது இரண்டு வயது. இப்போது வேறு கல்லூரிகளுக்கு நேர்காணலுக்குப் போகும்போது, "இந்த இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?" என்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். குழந்தைகளைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சொல்லாவிட்டால் சோம்பேறி என்கிறார்கள். (உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்)

பதில்: அவர்கள் கேட்கும்வரை காத்திருப்பதுதான் பிழை. கேள்வி அவர்களிடமிருந்து வந்தால் உங்கள் பதில் சாக்குப்போக்காக ஒலிக்கிறது. உங்கள் தன்விவரக் குறிப்பிலேயே அது ஒரு வரியாக இருந்துவிட்டால் தகவலாகிவிடுகிறது. "2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை: பள்ளிகளும் குழந்தைகள் காப்பகங்களும் மூடியிருந்த காலம், இரண்டு குழந்தைகளின் முழுநேரப் பராமரிப்போடு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் இணையவழியில் கற்பித்தேன், ஆய்வுப் பணி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது" என்று எழுதுங்கள். கற்பித்த மணி நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பல சுயநிதிக் கல்லூரிகளில் அந்த மாதங்களில் பாதிச் சம்பளம் கொடுத்துவிட்டு முழு வேலை வாங்கினார்கள் என்பது ஊரறிந்த செய்தி. கரும்பலகையில் பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டும் ஒரு நிறுவலைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப ஒரு மணி நேரம் ஆனதும், நெட்வொர்க் கிடைக்காத கிராமத்து மாணவிக்கு இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் மீண்டும் விளக்கியதும் வேலைதான்.

நேர்காணலில் சிரிப்பவர்களுக்குச் சொல்ல இரண்டு தகவல்கள் தருகிறேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏறத்தாழ 4,500 ஆய்வாளர்களிடம் 2020 ஏப்ரலில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் அதே ஆண்டு வெளிவந்தது. ஆய்வுக்கு ஒதுக்கும் நேரம் பெரும்பாலோருக்கும் குறைந்திருந்தது. ஆனால் ஐந்து வயதோ அதற்குக் குறைவோ உள்ள குழந்தை வீட்டில் இருந்தவர்களுக்கு, மற்ற காரணங்களைச் சமமாக வைத்துப் பார்த்தாலும், 17 சதவீதம் கூடுதலாகக் குறைந்திருந்தது. இரண்டாவதாக, எல்ஸெவியர் நிறுவனத்தின் 2,329 ஆய்விதழ்களுக்கு முதல் அலை மாதங்களில் வந்த கட்டுரைகளை ஆராய்ந்தவர்கள், அந்த மாதங்களில் கட்டுரை அனுப்புவதில் ஆண்களைவிடப் பெண்கள் பின்தங்கியதையும், குறிப்பாக ஆய்வு வாழ்க்கையின் தொடக்கத்தில் இருந்த பெண்கள் பின்தங்கியதையும் கண்டார்கள். நீங்கள் கணிதம் படித்தவர். ஒரே காலத்தில் ஒரே வகையினர் எல்லோருக்கும் நேர்ந்த ஒன்றைத் தனிமனிதச் சோம்பல் என்று கொள்ள முடியாது என்பதை அவர்களுக்கு விளக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அந்த இடைவெளியை நிரப்புவதற்காக, 2020 மே, ஜூன் மாதங்களில் கல்லூரிதோறும் நாள்தோறும் நடந்த வெபினார்களின் இ-சான்றிதழ்களை அடுக்கிக் கொண்டுபோகாதீர்கள். நிகழ்ச்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னூட்டப் படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் வந்த காலம் அது என்பது தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும். அவர்களிடமும் ஐம்பது இருக்கும்.

கேள்வி: நானும் மனைவியும் ஒரே துறையில் பேராசிரியர்கள். ஊரடங்கில் இருவரும் வீட்டில்தான் இருந்தோம். மகளுக்கு அப்போது மூன்று வயது. நானும் நிறைய உதவி செய்தேன், பாத்திரம்கூடத் தேய்த்திருக்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் மூன்று கட்டுரைகள் வெளியிட்டேன். அவர் ஒன்றும் எழுதவில்லை. இன்று நான் இணைப் பேராசிரியர், அவர் உதவிப் பேராசிரியர். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. அவருக்கு ஆய்வில் ஆர்வம் குறைந்துவிட்டதாக நான் நினைப்பது தவறா? (வாசகர், சேலம்)

பதில்: தவறுதான், சகோதரரே. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், கேட்காமலேயே இதே முடிவுக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் மிகப் பலர்.

"உதவி செய்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உதவி என்பது மற்றவருடைய வேலையில் கைகொடுப்பது. உங்கள் மகள் யாருடைய வேலை? நீங்கள் பாத்திரம் தேய்த்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எப்போது தேய்ப்பது என்பதை நீங்கள் முடிவு செய்தீர்கள். மகளுக்கு எப்போது பசிக்கும், எப்போது மூத்திரம் வரும், எப்போது காரணமில்லாமல் அழுவாள் என்பதை உங்கள் மனைவி முடிவு செய்ய முடியாது. நாள் குறித்துச் செய்யக்கூடிய வேலைகள் ஒருவர் பங்கிலும், நேரம் காலம் இல்லாமல் கூப்பிடும் வேலைகள் மற்றவர் பங்கிலும் விழுந்தால், மணிக்கணக்கில் இருவரும் சமமாக உழைத்திருந்தாலும் ஆய்வு எழுதக்கூடியவர் ஒருவர்தான். ஆய்வுக்கு வேண்டியது மொத்த நிமிடங்கள் அன்று, அறுபடாத நிமிடங்கள். பத்துப் பத்து நிமிடமாக ஆறு முறை கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதலாம், வினாத்தாள் திருத்தலாம், மதிப்பெண் ஏற்றலாம். ஒரு வாதத்தை அதன் முடிவுவரை யோசிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த "அம்மா" வந்துவிடும்.

நம் நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் பெருந்தொற்றுக்குச் சற்று முன்பு, 2019-இல், மக்கள் தங்கள் நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம். அப்படி ஈடுபடுகிறவர்களுக்குள்ளும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண் செலவிட்டது 97 நிமிடம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும், பள்ளியும், மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் இருந்த காலத்துக் கணக்கு இது. 2020 மார்ச்சில் இவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் இல்லாமல் போனார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. உங்கள் மகள் வயதுக் குழந்தைகளுக்கான மழலையர் வகுப்புகள் 2022 பிப்ரவரியில்தான் திறந்தன. இவர்கள் விட்டுப்போன வேலை எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்?

அந்த நாட்களில் படித்தவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பப் பகிர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 1665-இல் பிளேக் நோய்க்காகக் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது நியூட்டன் கிராமத்துக்குப் போய், அங்கிருந்தபடியே நுண்கணிதத்திலும் ஒளியியலிலும் ஈர்ப்பு பற்றியும் தன் பெரும் சிந்தனைகளைத் தொடங்கினார், ஆகவே நாமும் ஊரடங்கைப் பயன்படுத்துவோம் என்பது அதன் சாரம். எனக்கும் பதினோரு பேர் அனுப்பினார்கள், பதினொருவரும் ஆண்கள். நியூட்டனுக்கு அப்போது வயது 22. மணமாகாதவர். போன இடம் தாயின் பண்ணை வீடு. அந்த வீட்டில் சமையல் யார் பொறுப்பில் இருந்தது என்று பதினொருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு வாரம், மனைவியிடம் சொல்லாமல், உங்கள் மகள் வீட்டில் யாரை எத்தனை முறை கூப்பிடுகிறாள் என்று மட்டும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். இப்போது அவள் பெரிய பெண்ணாகியிருப்பாள், ஆனாலும் எண்ணுங்கள். அதன் பிறகு, அவருடைய அடுத்த கட்டுரை முடியும்வரை, வாரத்தில் மூன்று காலைகள் நான்கு மணி நேரம் மகளின் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பொறுப்பு என்றால், "அவளுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கட்டும்?" என்று அறைக்கதவைத் தட்டிக் கேட்காமல் இருப்பதும் அதில் அடக்கம்.

கேள்வி: கொரோனா வந்தபோது எனக்கு 68 வயது. அப்போது கல்லூரியில் வேலை பார்க்கும் என் மகளின் குழந்தையைப் பத்து மாதம் நான்தான் வைத்திருந்தேன். மகள் அடுத்த அறையில் வகுப்பு எடுப்பாள். அம்மா குரல் கேட்டுக் குழந்தை கதவைத் தட்டி அழும். நான் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். "என் பிள்ளையை நான் வளர்க்கவில்லை" என்று அவள் இன்றும் வருந்துகிறாள். அவளுக்கு என்ன சொல்ல? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் அந்த மொட்டை மாடி எனக்கும் தெரியும். 2020-இல் நான் ஓய்வு பெற்றிருந்தேன். உதவிப் பேராசிரியரான என் மகள் வேறு மாவட்டத்தில் இருந்தாள். மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்ட மாதங்கள் அவை. திருமணம், மரணம், மருத்துவம் என்று காரணங்களின் பட்டியல் இருந்த படிவத்தில் "பேரனைப் பார்த்துக்கொள்ள" என்று எழுத இடமில்லை. மூன்றாவது விண்ணப்பம் ஏற்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் பத்து வயதுக்குக் குறைந்தவர்களும் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று மத்திய அரசு அறிவுறுத்தியிருந்தது. ஆகவே அந்தப் பத்து மாதம் உங்களுக்கும் பேரக்குழந்தைக்கும் போக இருந்த ஒரே வெளியூர் மொட்டை மாடிதான்.

மகளிடம் ஆறுதலாக எதுவும் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். நடந்ததைச் சொல்லுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் விளையாடிக்கொண்டிருக்கவில்லை, அறுபது பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள் என்பதையும், வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் அவள் முகம் கழுவுவதற்கு முன் குழந்தையை வாங்கிக்கொண்டாள் என்பதையும் பார்த்த ஒரே சாட்சி நீங்கள்தான். குழந்தைக்கு அந்த வயது நினைவில் இருக்கப்போவதில்லை. உங்கள் மகளுக்கோ அழுகைச் சத்தம் மட்டும்தான் கதவு வழியாகக் கேட்டது. அழுகை எத்தனை நிமிடத்தில் நின்றது, அதன் பிறகு காக்காயைப் பார்த்து எப்படிச் சிரித்தது என்பதை அவள் பார்க்கவே இல்லை. அந்தப் பாதியை நீங்கள் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும்.

கேள்வி: அரசுக் கல்லூரி ஒன்றில் துறைத்தலைவராக இருக்கிறேன். என் துறையில் ஏழு பெண் ஆசிரியர்கள். அவர்களில் நால்வருக்குச் சிறு குழந்தைகள். "கொரோனா காலத்தில் எல்லோருக்கும் கஷ்டம்தான், எல்லோரையும் சமமாக நடத்துவோம்" என்பதே என் கொள்கையாக இருந்தது. இது நியாயமில்லை என்று இளைய ஆசிரியை ஒருவர் என்னிடமே சொல்லிவிட்டார். (பேராசிரியர், வேலூர்)

பதில்: சொன்னவரைப் பாராட்டுங்கள். நம் ஊரில் துறைத்தலைவரிடம் அப்படிச் சொல்வது எளிதன்று.

சமமாக நடத்துவது எப்படித் தவறாகப் போகலாம் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டைக் குழந்தை பிறந்தால் ஓராண்டு தள்ளிவைக்கும் சலுகையைப் பல பல்கலைக்கழகங்கள் தாய், தந்தை இருவருக்கும் பொதுவாகக் கொடுத்தன. முன்னணிப் பொருளாதாரத் துறைகள் ஐம்பதை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அந்தப் பொதுச் சலுகை வந்த பிறகு அந்தத் துறைகளில் முதல் பணியிலேயே நிரந்தரம் பெற்ற ஆண்களின் விகிதம் ஏறியதையும் பெண்களின் விகிதம் இறங்கியதையும் காட்டியது. கூடுதலாகக் கிடைத்த ஆண்டில் ஆண்கள் உயர்ந்த இதழ்களில் மேலும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். பெண்களிடம் அந்தக் கூடுதல் வெளியீடு காணப்படவில்லை. இது தெரிந்தே, 2020-இல் அங்கே பல பல்கலைக்கழகங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஓராண்டு நீட்டின. இதற்கு மாறாக, ஐரோப்பிய ஆய்வுக் குழு தன் நல்கைகளுக்கான தகுதிக் காலத்தை ஒரு தாய்க்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் என்று தனியே கூட்டுகிறது. தந்தைக்கு, அவர் உண்மையில் எடுத்த விடுப்பு எவ்வளவோ அவ்வளவு. எனக்கு இரண்டாவது வழிதான் நியாயமாகத் தெரிகிறது.

அரசாணைகள் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் தன் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தியது. நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு அது பெரிய மாற்றம். மாணவிகளை மறந்துவிடாதீர்கள். இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைப்பதிவுத் தளர்வு ஆகியவற்றுக்கான விதிகளை வகுக்கும்படி மானியக் குழு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதம் உங்கள் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் என்றாவது ஒட்டப்பட்டதா என்று பாருங்கள்.

உங்கள் கையில் உள்ளவை சிறியவை, ஆனால் நாள்தோறும் பயன்படுபவை. ஊரடங்கில் பிடித்த ஒரு பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை: இரவு எட்டு மணிக்குக் கூகுள் மீட் இணைப்பை அனுப்பி ஒன்பது மணிக்குத் துறைக் கூட்டம் வைப்பது. குழந்தை தூங்கும் நேரம் அது. அதை நிறுத்துங்கள். அடுத்த ஐந்தாண்டுப் பணி மதிப்பீட்டுப் படிவத்தில் 2020 முதல் 2022 வரையிலான காலத்துக்கு, "இந்தக் காலத்தில் உங்கள் பராமரிப்பில் இருந்தவர்கள் யார்?" என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து எல்லோரையும் நிரப்பச் சொல்லுங்கள், ஆண்களையும் சேர்த்து. உங்கள் ஏழு பேரின் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அந்த இளைய ஆசிரியை சொன்னது உங்கள் மேசைமீதே இருக்கும்.

கேள்வி: வேதியியலில் இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவி. மூன்று மாதக் கர்ப்பிணி. 2020-இல் ஆய்வுக்கூடத்தை முறைவைத்துத் திறந்தபோது, கர்ப்பிணிகள் வரக் கூடாது என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து என் சீனியர் ஆறு மாதம்வரை மறைத்தாராம். நான் நெறியாளரிடம் எப்போது சொல்வது? (சென்னை)

பதில்: நாளைக் காலையில். உங்கள் சீனியரின் பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது கர்ப்பிணிகள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற அரசு அறிவுறுத்தல் இருந்தது. இப்போது அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் பென்சீன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் உங்கள் மேசையில் இருக்கும், கருவுக்கு அவை நல்லவையல்ல. நேரில் சொல்லிவிட்டு, அன்றே ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள்: எந்த வேதிப்பொருள்களை இனிக் கையாள மாட்டேன், அந்த வேலையை யாரோடு மாற்றிக்கொள்ளலாம், கணினியில் செய்யக்கூடிய எந்தப் பகுதியை முன்னே இழுத்துக்கொள்கிறேன், 240 நாள் விடுப்பை எந்தத் தேதியிலிருந்து எடுக்க எண்ணுகிறேன் என்று நான்கு வரிகள் போதும். துறை அலுவலகத்துக்கும் நகல் போகட்டும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அதே மின்னஞ்சலை மீண்டும் அனுப்பிவிட்டு எனக்கும் எழுதுங்கள்.